பயறு பர்கர்: உள்ளே கூழாகாமல், கல்லில் உடையாமல் செய்வது எப்படி?

நீலக்குடை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ராஜ்மா, கருப்பு பீன்ஸ், கொண்டைக்கடலை என்று மாற்றி மாற்றி வைத்து வீட்டிலேயே பர்கர் பேட்டீஸ் செய்து வருகிறேன். ருசியில் குறையில்லை. பதம்தான் கைக்கு வரமாட்டேன் என்கிறது. வெளியே நன்றாக முறுகுகிறது, உள்ளே கூழ். பன்னில் வைத்துக் கடித்தால் நாலு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வருகிறது. ரொட்டித் தூளைக் கூட்டிப் போட்டால் பிதுங்கல் நிற்கிறது. ஆனால் வாயில் மாவு மாவாக அடைத்துக்கொள்கிறது, பயறின் ருசியும் அமுங்கிவிடுகிறது.

நான் போடுவது: வேகவைத்த ராஜ்மா 3 கப், பச்சையாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, துருவிய கேரட் ஒன்று, ரொட்டித் தூள் அரை கப், பூண்டு, மிளகாய்த் தூள், உப்பு. எல்லாவற்றையும் மிக்ஸியில் ஓட விட்டு, தட்டி, கல்லில் போடுகிறேன். முட்டை சேர்ப்பதில்லை. பயறு, முழுத் தானியம், காய், கொட்டை, விதை இவற்றுக்குள்ளேயே முடித்துக்கொள்ள ஆசை. எங்கே கை வைத்தால் சரியாகும்?


இரும்புக்கல் எழுதியது:

பட்டியலைப் பார்த்ததுமே தெரிகிறது, பிரச்சினை தண்ணீர். பிடிப்புக்கு எதைச் சேர்ப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் எதை வெளியேற்றுவது என்று பார்க்க வேண்டும். வெந்த ராஜ்மாவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். பச்சை வெங்காயமும் கேரட்டும் கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணீர். இத்தனை ஈரத்தையும் மிக்ஸியில் போட்டு மைய அரைத்த பிறகு, ரொட்டித் தூள் அதை உறிஞ்சிக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்கிறோம். தூள் உறிஞ்சிய தண்ணீர் எங்கும் போகவில்லை, பேட்டீஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் அந்த மாவுத்தன்மை.

ஓவன் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். வெந்த பயறை வடிகட்டி, துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 175 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம் வையுங்கள். எப்போது எடுப்பது என்பதைக் கடிகாரத்தைவிடப் பயறே நன்றாகச் சொல்லும். தோல் வெடித்திருக்கும், வெடித்த இடத்தில் உள்சதை வெளிறி, மாவு பூத்தாற்போலத் தெரியும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் பசை மாதிரி ஒட்டாமல் பொலபொலவென்று உடைய வேண்டும். அதுதான் பதம். அதைத் தாண்ட விட்டால் தோல் சருகாகி, எவ்வளவு பிசைந்தாலும் நறநறவென்று பல்லில் தட்டும்.

வெங்காயத்தையும் கேரட்டையும் தனியாக, கொஞ்சம் உப்புப் போட்டு, வாணலியில் ஈரம் வற்றும் வரை வதக்கிவிடுங்கள். வெங்காயம் பொன்னிறம் தாண்டிப் பழுப்பேறினால் ருசியும் இரண்டு மடங்கு.

அப்புறம் மிக்ஸியை எடுத்து உள்ளே வையுங்கள். மத்தோ முள்கரண்டியோ போதும். பயறில் மூன்றில் இரண்டு பங்கை மசித்து, மீதியை ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். மசிந்தது பிடித்துக்கொள்ளும், உடைந்தது பல்லுக்கு வேலை கொடுக்கும். எல்லாம் மைய அரைபட்டால் மெல்லுவதற்கு அதில் ஒன்றுமே இருக்காது.

கடைசியாக, கலவையைத் தட்டுவதற்கு முன் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். இதைத் தவிர்க்காதீர்கள்.


பரிசோதனைக்குழாய் எழுதியது:

ஃபிரிட்ஜ் விஷயத்துக்குக் காரணம் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் யாரும் அந்த அரை மணியைத் தாவ மாட்டார்கள். பயறு வேகும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து வீங்கி இளகுகிறது. ஆறும்போது அதே மாவுச்சத்தின் இழைகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து இறுகுகின்றன. அமைலோஸ் என்ற வகை அதிகமாக இருந்தால் இறுக்கமும் அதிகம். தானியங்களைவிடப் பயறு வகைகளில் அமைலோஸின் பங்கு கூடுதல். அதனால் குளிரவைப்பதே இங்கே பாதிப் பிடிப்பைக் கொடுத்துவிடுகிறது, தனியாக ஒட்டுப்பொருள் குறைவாகவே தேவைப்படும். ஓட்ஸ், ஆளி விதை போன்றவை சேர்த்திருந்தால் அவையும் ஈரத்தை இழுத்துக்கொள்ள நேரம் வேண்டும். பிசைந்த உடனே கலவை தளதளவென்று இருந்தால் பயந்துபோய் இன்னும் மாவு கொட்டாதீர்கள். அரை மணி கழித்துத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, வேகவைக்காமலே கரகரப்பாக அரைத்துத் தட்டினால் மாவே வேண்டாம். அந்தக் கடலையின் மாவுச்சத்து கல்லின் சூட்டில்தான் முதன்முறையாக வெந்து வீங்குகிறது, வீங்கும்போது பக்கத்திலிருக்கும் துணுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது. வேகவைத்த பயறில் அந்த வேலை ஏற்கெனவே குக்கரிலேயே முடிந்துவிட்டது. இரண்டையும் கலக்கலாம்: வெந்த கருப்பு பீன்ஸ் முக்கால் பங்கு, ஊறவைத்து அரைத்த கொண்டைக்கடலை கால் பங்கு. பிடிப்பு அருமையாக வரும். அப்படிச் செய்யும்போது தீயைக் குறைத்து, நிதானமாக, நடுப்பகுதியும் வேகும்படி விட வேண்டும்.


விதைப்பை எழுதியது:

மேலே சொன்ன பச்சை அரைப்பு முறையைப் படித்துவிட்டு யாரும் ராஜ்மாவில் முயலக் கூடாது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ராஜ்மாவில், முக்கியமாகச் சிவப்பு ராஜ்மாவில், ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் நிறைய இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து பயறே வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். 10 நிமிடக் கொதியில் அந்த நச்சு செயலிழந்துவிடும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்தாலும் கவலையில்லை. ஆபத்து ஸ்லோ குக்கரில்தான். அது கொதிநிலையைத் தொடாமலே பயறை மெத்தென்று ஆக்கிவிடும். 80 டிகிரி சூட்டில் கிடந்த ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிட மோசமாகக்கூட இருக்கலாம். ஸ்லோ குக்கரில்தான் வைக்க வேண்டும் என்றால் முதலில் தனியாகக் கொதிக்க வைத்துவிட்டு அதில் போடுங்கள். டின்னில் வருவது ஏற்கெனவே நன்றாக வெந்தது, அதற்கு இந்தப் பயம் இல்லை.

வேகவைப்பது பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் தோல் மெத்தென்று வேகும், பேட்டீஸில் தோல் தனியாக உரிந்து நிற்காது. தக்காளி, வினிகர், எலுமிச்சை போன்ற புளிப்பைப் பயறு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு பட்டால் பயறு லேசில் வேகாது.


தாளிப்பு எழுதியது:

உலர்த்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உலர்த்துவதோடு நிறுத்தினால் தொண்டையில் இறங்காத பேட்டீஸ்தான் கிடைக்கும். பயறு பர்கர் என்றாலே பலருக்கு ஆகாமல் போவது கூழ் பதத்தால் மட்டுமல்ல, வறட்சியாலும்தான். 100 கிராம் வெந்த ராஜ்மாவில் கொழுப்பு அரை கிராம். கொண்டைக்கடலையில் கொஞ்சம் கூடுதல், இரண்டரை கிராம் அளவில். கொழுப்பே இல்லாத ஒரு பொருளிலிருந்து தண்ணீரையும் எடுத்துவிட்டால் வாயில் என்ன மிஞ்சும்?

எடுத்த ஈரத்துக்குப் பதிலாகக் கொழுப்பு உள்ளே போக வேண்டும். எனக்குப் பிடித்தது வால்நட். வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, மிளகு அளவுக்கு உடைத்துச் சேர்த்தால் எண்ணெய்ப் பசையும் வரும், கடிக்கவும் ஏதாவது கிடைக்கும். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் சூரியகாந்தி விதை அல்லது பூசணி விதை. கொஞ்சத்தை நைசாகப் பொடித்து, மீதியை முழுசாகப் போடலாம். எள் விழுது ஒரு கரண்டியும் நன்றாகச் சேரும்.

நீலக்குடை, முதலில் கொட்டையைச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர்க் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.


இரும்புக்கல் எழுதியது:

தாளிப்பு சொல்வதில் கொழுப்புப் பற்றி மறுப்பில்லை, வரிசையைத்தான் ஏற்க மாட்டேன். ஈரமான கூழில் வால்நட்டைச் சேர்த்தால் வால்நட் போட்ட கூழ்தான் வரும். முதலில் உலர்த்தல், அப்புறம் கொழுப்பு.


காளான்குடை எழுதியது:

காளானை யாரும் சொல்லவில்லையே. பயறில் புரதம் இருக்கிறது, மாவு இருக்கிறது, நார் இருக்கிறது. நாக்கில் நின்று பேசும் ஆழமான ருசி மட்டும் குறைவு. அதைக் கொடுப்பது குளூட்டமேட். காளான், தக்காளி விழுது, சோயா சாஸ், மிசோ எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

காளானில் 92 சதவீதம் தண்ணீர் என்பதால் பச்சையாகப் போட்டால் காரியம் கெட்டது. பொடியாக நறுக்கி, அகலமான வாணலியில், எண்ணெய்கூட ஊற்றாமல், நல்ல தீயில் போடுங்கள். முதலில் நீர் விட்டு நனைந்து மிதக்கும். கலங்காமல் விடுங்கள். நீர் வற்றி, வாணலி சடசடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் ஒரு கரண்டி எண்ணெய், நறுக்கிய பூண்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது. விழுது செங்கல் நிறத்துக்கு மாறி அடிப்பிடிக்கும் நேரத்தில் சோயா சாஸ் ஊற்றிச் சுரண்டிவிடுங்கள். 200 கிராம் காளான் கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருக்கும், அந்தக் கைப்பிடிதான் மொத்த பேட்டீஸையும் தூக்கி நிறுத்தும்.

பீட்ரூட் சேர்க்கிறவர்கள் நிறத்துக்காக மட்டும் சேர்க்காதீர்கள். அந்தச் சிவப்பு சூட்டில் மங்கிப் பழுப்பாகிவிடும். இனிப்பு பிடிக்கும் என்றால் சேருங்கள், துருவி வதக்கிய பிறகு.


நீலக்குடை எழுதியது:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். என்னிடம் ஓவன் இல்லை, உலர்த்துவதற்கு வேறு வழி உண்டா? அவசரத்துக்கு டின் பயறு வாங்குவேன், அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா? ரொட்டித் தூளுக்குப் பதிலாக எதைப் போடலாம்?


இரும்புக்கல் எழுதியது:

ஓவன் இல்லாவிட்டால் அகலமான அடிகனமான வாணலி போதும். எண்ணெய் இல்லாமல், மிதமான தீயில், பயறை இரண்டு தவணையாகப் போட்டு அவ்வப்போது குலுக்கிக்கொண்டே இருங்கள். கிளறினால் உடைந்து அடிப்பிடிக்கும், குலுக்குவதே நல்லது. ஆவி வருவது குறைந்து, தோல் சுருங்கி வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிடலாம். ஏர் ஃபிரையர் இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். அது சீக்கிரம் சருகாக்கிவிடும்.

டின் பயறு என்றால் கொழகொழப்பான அந்தத் தண்ணீரை வடித்து, நன்றாக அலசி, கட்டாயம் உலர்த்துங்கள். வீட்டில் வேகவைத்ததைவிட அது பெரும்பாலும் மெத்தென்று இருக்கும், அதனால் மசிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். உப்பு ஏற்கெனவே இருக்கும், ருசி பார்த்துப் போடுங்கள். 400 கிராம் டின்னை வடித்தால் கையில் நிற்பது 240 கிராம் அளவுதான். கணக்குப் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.


ஓட்ஸ்கஞ்சி எழுதியது:

ரொட்டித் தூளுக்குப் பதில் ஓட்ஸ். முழு அவல் வடிவ ஓட்ஸை மிக்ஸியில் இரண்டு தடவை மட்டும் சுற்றி, பாதி தூளும் பாதி துணுக்குமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார் ஈரம் பட்டதும் பசையாகிப் பிடித்துக்கொள்ளும். 6 பேட்டீஸுக்கு 50 கிராம் போதும். கூடினால் கஞ்சி வாசம் வரும்.

ஆளி விதைப் பொடியும் நல்ல பிடிப்பு கொடுக்கும். ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி பொடியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைப்பது வழக்கமான கணக்கு. பர்கருக்கு நான் தண்ணீர் சேர்ப்பதில்லை. பொடியை அப்படியே கலவையில் தூவிப் பிசைந்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை அதுவே குடித்து வழுவழுப்பாகிவிடும். பாடுபட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டு, மறுபடி 3 கரண்டி ஊற்றுவது எதற்கு? முழு விதையாகப் போட்டால் பயனில்லை, பொடித்தே ஆக வேண்டும்.


வெள்ளைத்தட்டு எழுதியது:

கோதுமை ஆகாதவர்களுக்கு ஓட்ஸிலும் கவனம் வேண்டும், பல ஆலைகளில் கோதுமையோடு சேர்ந்தே அரைபடுகிறது. பசையம் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம்) இல்லை என்று அச்சிட்ட உறை பார்த்து வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் வெந்த கைக்குத்தல் அரிசி அல்லது கினோவா. முந்தின நாள் வேகவைத்து ஃபிரிட்ஜில் ஆறிய சோறு புதிதாக வடித்ததைவிட நன்றாக நிற்கும். பரிசோதனைக்குழாய் சொன்ன அதே காரணம்தான்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிடிப்புக்குச் சேர்க்கிறவர்கள் அதைத் தண்ணீரில் வேகவைக்காமல் தோலோடு சுட்டு எடுங்கள்.


நிழல்மரம் எழுதியது:

எல்லோரும் பாடுபடுவதைப் பார்த்துக் கேட்கிறேன், கோதுமைப் பசையப் பொடியை 2 மேசைக்கரண்டி போட்டுப் பிசைந்தால் இறைச்சி மாதிரி இழுவையாக வந்துவிடுமே. எதற்கு இத்தனை சுற்று?


மண்பானை எழுதியது:

நிழல்மரம், வரும், மறுக்கவில்லை. ஆனால் நீலக்குடை கேட்டது முழுப் பொருள்களால் ஆன பேட்டீஸ். பசையப் பொடி என்பது கோதுமை மாவைக் கழுவி மாவுச்சத்தை நீக்கிய புரதம் மட்டும். அதைச் சாப்பிடுவது தவறு என்று சொல்ல வரவில்லை. பயறு பர்கரை இறைச்சியின் நகலாகப் பார்ப்பதில்தான் எனக்கு வருத்தம்.

லண்டனில் கிரெகரி சாம்ஸ் 1982ஆம் ஆண்டு வெஜிபர்கர் என்ற பெயரில் உலர்கலவையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பால் வென்னர் தன் உணவகத்தில் மிஞ்சிய காய்களையும் தானியங்களையும் சேர்த்துச் செய்தது கார்டன்பர்கர் ஆனது. தானியம், விதை, காய் இவற்றின் ருசியை மறைக்காத பர்கர்கள் அவை. 2016இல் இம்பாசிபிள் பர்கரும் பியாண்ட் பர்கரும் வந்த பிறகுதான் பேச்சே மாறியது. இறைச்சிக்கு எவ்வளவு கிட்டே போகிறது என்பதே ஒரே அளவுகோலாகிவிட்டது. அவற்றின் பிடிப்புக்கு மெத்தில்செல்லுலோஸ் என்ற பொருள் முக்கியம். அது சூட்டில் இறுகி, ஆறினால் இளகும். நம் பயறு மாவுச்சத்துக்கு நேர் எதிர். வீட்டுச் சமையலில் அந்தப் பதத்தைத் துரத்தினால் ஏமாற்றம்தான் வரும்.

நல்ல கருப்பு பீன்ஸ் பேட்டீஸுக்கு என்று ஒரு பதம் இருக்கிறது: மொறுமொறுப்பான ஓடு, உள்ளே ஈரமான, ஆனால் உதிரியான பயறு, இடையிடையே வறுத்த கொட்டை. அதை இறைச்சியோடு ஒப்பிடாமல் சாப்பிடுகிறவர் அதற்காகவே மறுபடி கேட்பார்.


நிழல்மரம் எழுதியது:

உங்கள் கருத்து புரிகிறது. எங்கள் வீட்டில் இறைச்சியை விட்டுவிட்டுப் பயறுக்கு மாற முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இழுவைதான் பாலம். அது இல்லாமல் இரண்டாவது தடவை தட்டையே தொட மாட்டார்கள். அதனால் நான் பசையப் பொடியைக் கைவிடப் போவதில்லை. மற்றபடி பயறை உலர்த்துவது, காளானை வற்ற வைப்பது இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.


இரும்புக்கல் எழுதியது:

இதுவரை வந்ததையெல்லாம் சேர்த்து அளவோடு எழுதிவிடுகிறேன். 100 கிராம் வீதம் 6 பேட்டீஸ் வரும்.

உலர்ந்த கருப்பு பீன்ஸ் அல்லது ராஜ்மா 180 கிராம். இது வெந்தால் 400 கிராமுக்கு மேல் இருக்கும், உலர்த்திய பிறகு 350 அளவுக்கு இறங்கும். காளான் 200 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு 4 பல், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி. வறுத்து உடைத்த வால்நட் 50 கிராம், ஓட்ஸ் 50 கிராம், ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டி. மிளகு, சீரகம், புகை வாசமுள்ள மிளகாய்த் தூள் கிடைத்தால் ஒரு தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டியில் ஆரம்பியுங்கள்.

கலந்ததும் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். முட்டை இல்லை, பயறு நன்றாக வெந்தது, எனவே தயங்க வேண்டாம். பயறு உப்பை விழுங்கிக்கொள்ளும். பிசையும்போது சரியாக இருப்பது பன்னுக்குள் போனதும் சப்பென்று தெரியும். ஒரு சிட்டிகை தூக்கலாகவே இருக்கட்டும்.

குளிரவைத்த பிறகு ஓர் உருண்டையைக் கையில் அழுத்துங்கள். ஓரம் நிறைய வெடித்தால் ஈரம் குறைவு, ஒரு கரண்டி தண்ணீரோ இன்னும் கொஞ்சம் மசித்த பயறோ சேர்க்கலாம். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் அதிகம், ஓட்ஸ் ஒரு கரண்டி கூட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு மெல்லிய கீறல் விழுந்து, விரலால் தடவினால் மூடிக்கொள்வதுதான் சரியான நிலை.

கனம் ஒன்றரை முதல் 2 செண்டிமீட்டர். இறைச்சி பேட்டீஸ் சூட்டில் சுருங்கும் என்பதால் பன்னைவிடப் பெரிதாகத் தட்டுவார்கள். இது சுருங்காது, பன் அளவுக்கே தட்டுங்கள்.


தாளிப்பு எழுதியது:

கல்லில் போடும் விதமும் முக்கியம். பாதி பேர் அங்கேதான் உடைக்கிறார்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் ஊற்றி, பேட்டீஸைப் போட்டு, தீயை மிதமாக்கிவிட்டு, 4 அல்லது 5 நிமிடம் தொடாதீர்கள். தோசைத்திருப்பியால் அமுக்கவும் கூடாது. அடியில் ஓடு உருவானதும் பேட்டீஸ் தானாகவே கல்லை விட்டுவிடும். லேசாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் திருப்பலாம், நகராவிட்டால் இன்னும் ஆகவில்லை. ஒரே தடவை திருப்பினால் போதும்.

எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் 190 டிகிரி ஓவனில் 30 நிமிடம் வைத்து, பாதியில் ஒருமுறை திருப்பலாம். பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் கல்லில் வரும் அந்த முறுகல் வராது.


பரிசோதனைக்குழாய் எழுதியது:

நெருப்புக்கு மேல் கம்பி வலையில் சுடுகிறவர்களுக்கு: பயறு பேட்டீஸ் வலையை நம்பி நிற்காது, கம்பி இடுக்கில் இறங்கிவிடும். முதலில் ஓவனிலோ கல்லிலோ முக்கால் பாகம் வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு, அப்புறம் எண்ணெய் தடவி வலையில் புகை வாசத்துக்காக மட்டும் இரண்டு பக்கமும் காட்டி எடுங்கள்.


பகல்நிலா எழுதியது:

புரதத்துக்காகச் சாப்பிடுகிறவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். ஒரு பேட்டீஸில் எவ்வளவு இருக்கும்?


விதைப்பை எழுதியது:

100 கிராம் வெந்த ராஜ்மாவிலோ கருப்பு பீன்ஸிலோ கொண்டைக்கடலையிலோ புரதம் 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரும்புக்கல் கொடுத்த அளவில் வால்நட், ஓட்ஸ், காளான் எல்லாம் சேர்ந்து ஒரு பேட்டீஸுக்கு 9 அல்லது 10 கிராம் வரும். முழுத் தானிய பன் இன்னும் கொஞ்சம் கூட்டும். நார்ச்சத்துதான் இதன் பெரிய வரவு, இறைச்சியில் அது அறவே கிடையாது. பயறின் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர வைட்டமின் சி துணை வேண்டும். பச்சைத் தக்காளித் துண்டோ குடைமிளகாயோ எலுமிச்சைச் சாறோ பன்னுக்குள் இருக்கட்டும். பி12 பயறில் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவுமே எடுக்காதவர்கள் அதற்குத் தனியாக வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயுத் தொல்லைக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கணிசமாகக் குறையும்.


காளான்குடை எழுதியது:

அடுக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. பயறு பேட்டீஸ் மெத்தென்றது. பன்னும் மெத்தென்று இருந்தால் கடியின் அழுத்தம் முழுக்க பேட்டீஸ் மேல்தான் விழும், பிதுங்கல் அதனாலும் வரும். பன்னின் உள்பக்கத்தைக் கல்லில் போட்டு முறுகவிடுங்கள். மொறுமொறுவென்ற கீரையிலை, ஊறுகாய் வெள்ளரி, மெல்லிய வெங்காய வளையம் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். சாஸைப் பேட்டீஸ் மேல் கொட்டாமல் பன்னில் தடவினால் ஓடு நமத்துப் போகாது.


நீலக்குடை எழுதியது:

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மொத்தமாகச் செய்து ஃபிரீசரில் வைப்பதென்றால் பச்சையாக வைப்பதா, வேகவைத்து வைப்பதா?


ஓட்ஸ்கஞ்சி எழுதியது:

வேகவைத்து வைப்பதே நல்லது. பச்சையாக உறையவைத்தால் உள்ளே பனித்துகள் உருவாகி, உருகும்போது அந்தத் தண்ணீர் கசிந்து பேட்டீஸ் தளர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஓடு வரும் அளவுக்குச் சுட்டு, முழுக்க ஆறவிடுங்கள். ஆனால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி ஃபிரீசரில் வைத்து, கல்லாக இறுகியதும் இடையில் பேக்கிங் தாள் வைத்துப் பையில் போட்டுக் காற்றை எடுத்துவிடுங்கள். 3 மாதம் வரை ருசி குறையாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைப்பதென்றால் 3, 4 நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

சாப்பிடும்போது உருகவிடாதீர்கள். ஃபிரீசரிலிருந்து நேரே கல்லுக்கு, குறைந்த தீயில், மூடி போட்டு. நடுவில் சூடு ஏறியதும் மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டினால் ஓடு மறுபடி முறுகிவிடும்.